மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, ஆன்ட்டி வைரஸ் எது என்றுதான் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரை எந்த ப்ளக் பாயிண்டில் சொருகப் போகிறோம் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. எலெக்ட்ரானிக்ஸில் பொறியியல் பட்டம் வாங்கியவன், சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். சுவரில் மூன்று ஓட்டை தெரிந்தால் எர்த் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடும் ஆளாகத்தான் 2023 வரை நானும் இருந்தேன்.

அந்த வருடம் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தை ஒட்டியுள்ள ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை வாங்க முன்பணம் கட்டினோம். 1959-ல் கட்டிய வீடு. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். நமது கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஆதாரமான ஐ.சி. சிப்பை ஜாக் கில்பி 1958 செப்டம்பரில் இயக்கிக் காட்டியது பக்கத்திலுள்ள டல்லஸில்தான். ஐ.சி. பிறந்த இடத்துக்கு அருகே, அது பிறந்த அடுத்த வருடம் கட்டிய வீடு என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வீட்டில் கம்ப்யூட்டருக்கு எர்த் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நம்மூரில் வீடு வாங்குவதென்றால் மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா பார்ப்போம். வாஸ்து பார்ப்போம். ப்ளக் பாயிண்டைக் கழற்றிப் பார்ப்பதில்லை. (பெரிய நகரங்களில் இப்போது இதையும் சோதித்துத் தரும் நிறுவனங்கள் வந்திருக்கின்றன.) அமெரிக்காவில் ‘ஹோம் இன்ஸ்பெக்டர்’ என்று தனித் தொழிலே உண்டு. வாங்குகிறவர் கூலி கொடுத்து இவரை அழைத்துவருவார். கூரை முதல் சாக்கடை வரை பார்த்து எழுத்தில் அறிக்கை தருவது இவர் வேலை. இவர்களுடைய சங்கமான ‘அமெரிக்கன் சொசைட்டி ஆஃப் ஹோம் இன்ஸ்பெக்டர்ஸ்’ 1976-ல் தொடங்கப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் இதற்கு லைசென்ஸ் வேண்டும். அறிக்கையை மாநில ரியல் எஸ்டேட் கமிஷன் வகுத்த படிவத்தில்தான் எழுத வேண்டும். அங்கே ‘ஆப்ஷன்’ என்று ஒரு வழக்கமும் இருக்கிறது. விற்பவருக்குச் சிறு தொகை கொடுத்துச் சில நாள் அவகாசம் வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் என்ன காரணத்துக்காக வேண்டுமானாலும் வாங்குபவர் பின்வாங்கலாம். எங்களுக்குக் கிடைத்தது ஏழு நாள். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார்.

மூன்று விளக்கு, மூன்று பிட்

அறுபதை நெருங்கும் மனிதர். கையில் ஏணி, டார்ச், சட்டைப் பையில் விரல் நீளத்தில் ஒரு சிறு ப்ளக். அந்தப் ப்ளக்கில் மூன்று குட்டி விளக்குகள். ஒவ்வொரு பாயிண்டிலும் அதைச் சொருகுவார், விளக்கைப் பார்ப்பார், போனில் குறித்துக்கொள்வார். நான் பின்னாலேயே நடந்தேன்.

இந்த டெஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மிக எளிமையான கருவி. ஒரு விளக்கு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இணைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே. மூன்றாவது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. எல்லாம் சரியாக இருந்தால் முதல் இரண்டும் எரியும், மூன்றாவது எரியாது. எர்த் இல்லையென்றால் முதல் விளக்கு மட்டும் எரியும். ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் முதலாவதும் மூன்றாவதும் எரியும். நியூட்ரல் அறுந்திருந்தால் இரண்டாவது மட்டும். கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் மூன்று பிட், எட்டு நிலைகள். டெஸ்டரின் தலையிலேயே எந்த விளக்கு எரிந்தால் என்ன கோளாறு என்று அட்டவணை ஒட்டியிருப்பார்கள். எர்ரர் கோட் பட்டியல் போலத்தான்.

அறிக்கையில் வரும் முக்கியமான சொற்கள் இந்த அட்டவணையிலிருந்தே வருகின்றன. எர்த் இல்லாததை ‘ஓப்பன் கிரவுண்ட்’ என்பார்கள். இடம் மாறியதை ‘ரிவர்ஸ் போலாரிட்டி’ என்பார்கள். ரிவர்ஸ் போலாரிட்டி இருந்தாலும் கம்ப்யூட்டர் ஓடும். ஏசியை டிசியாக மாற்றும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஃபேஸ் வந்தாலும் கவலையில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் இப்போது நியூட்ரலில் மாட்டிக்கொண்டிருக்கும். ஃப்யூஸ் போனாலும் உள்ளே ஃபேஸ் அப்படியே நிற்கும். மேஜை விளக்கென்றால் சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு திருகும் உலோகக் குழியில் கரண்ட் இருக்கும். அதைத் தொட்டவருக்கு ஏன் ஷாக் அடித்தது என்றே புரியாது.

எங்கள் வீட்டில் அவர் எட்டிய பாயிண்டுகள் 36. இன்னும் 7 பாயிண்டுகள், வீட்டை அழகாகக் காட்டுவதற்காக விற்பவர் போட்டிருந்த சோபா, கட்டில், அலமாரிகளுக்குப் பின்னால் இருந்தன. அவற்றை அவர் நகர்த்தவில்லை. நகர்த்துவது அவர் வேலையும் இல்லை. சங்கத்தின் விதிமுறையே ‘மாதிரிக்குப் போதுமான எண்ணிக்கை’ பார்த்தால் போதும் என்கிறது. சாப்ட்வேர் டெஸ்டிங்கில் நாங்களும் எல்லாவற்றையும் சோதித்துவிட்டோம் என்று சொல்வதில்லை, இவ்வளவு சதவீதம் சோதித்தோம் என்றுதான் சொல்வோம். என்ன, நாங்கள் விட்டுப்போன இடத்தில் புரோகிராம் நின்றுபோகும். இங்கே கதை வேறு.

36-ல் 9 பாயிண்டுகள் பழைய இரண்டு ஓட்டை ரகம். மீதி 27-ல் மூன்று ஓட்டை. அந்த 27-ல் 18 ஓப்பன் கிரவுண்ட். அதாவது மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். பின்னால் எந்தக் கம்பியும் இல்லை!

இதன் காரணம் வீட்டின் வயது. அமெரிக்காவில் வீட்டு ஒயரிங்குக்கு ‘நேஷனல் எலெக்ட்ரிகல் கோட்’ என்ற விதித்தொகுப்பு 1897 முதல் இருக்கிறது. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். எர்த் பின்னுடைய ப்ளக்குக்கு பிலிப் லேப்ரே என்பவர் 1928-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் புது வீடுகளில் எல்லா 15, 20 ஆம்பியர் பாயிண்டுகளுக்கும் எர்த் வேண்டும் என்று அந்த விதித்தொகுப்பு கட்டாயமாக்கியது 1962-ல்தான். எங்கள் வீடு 1959. எனவே சுவருக்குள் ஓடுவது இரண்டே கம்பி. அந்தக் காலத்தில் அது தவறும் அல்ல.

பின்னால் வந்தவர்கள் செய்ததுதான் தவறு. கம்ப்யூட்டர், மைக்ரோவேவ், பிரிட்ஜ் எல்லாம் மூன்று பின் ப்ளக்கோடு வந்தன. இரண்டு ஓட்டையில் சொருக முடியவில்லை. கடையில் ஓரிரு டாலருக்கு மூன்று ஓட்டை சாக்கெட் கிடைக்கும். வாங்கி மாட்டிவிட்டார்கள். வீட்டை வாங்கிப் பளபளப்பாக்கி விற்கும் வியாபாரிகள் இதை மொத்தமாகச் செய்வதுண்டு. எங்களுக்கு விற்ற ஆளும் அந்த ரகம்தான்.

டெஸ்டர் பொய் சொல்லும் இடம்

18 போக மீதி 9. அதில் 5 சமையலறையில். அங்கே புது கேபிள் போட்டு ஒழுங்காகச் செய்திருந்தார்கள். மிச்சம் 4 பாயிண்டுகள் பின்பக்க அறையில். நான் ஆபீஸ் அறையாக்க நினைத்திருந்தது அந்த அறையைத்தான். நான்கிலும் டெஸ்டர் ‘சரி’ என்றே காட்டியது. எனக்கு ஏக சந்தோஷம். ‘பரவாயில்லை, கம்ப்யூட்டர் வைக்கிற அறையிலாவது எர்த் இருக்கிறதே’ என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கராஜுக்குப் போய் மெயின் போர்டின் மூடியைக் கழற்றினார். போர்டும் பிரேக்கர்களும் புதியவை. ஆனால் அதற்குள் வந்து சேரும் கேபிள்கள் துணி உறை போட்ட பழைய ரகம். சமையலறைக்குப் போகும் கேபிள்களைத் தவிர மற்ற எதிலும் எர்த் கம்பி இல்லை. ‘கம்பி இங்கிருந்து கிளம்பவே இல்லை. அந்த அறையில் மட்டும் எப்படி வந்து சேர்ந்தது?’ என்றார்.

புரோகிராம் எழுதுகிற எனக்கு வந்திருக்க வேண்டிய சந்தேகம் இது. டெஸ்ட் பாஸ் ஆகிறது, ஆனால் பாஸ் ஆக வழியே இல்லை என்றால் டெஸ்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்த ஏமாற்று வேலைக்கு அங்கே ‘பூட்லெக் கிரவுண்ட்’ என்று பெயர். கள்ளச் சரக்குக்குச் சொல்லும் பெயர்தான். கள்ள எர்த் என்று வைத்துக்கொள்வோம். சாக்கெட்டின் நியூட்ரல் திருகாணியிலிருந்து எர்த் திருகாணிக்கு ஒரு சிறு துண்டுக் கம்பி போட்டுவிடுவார்கள். மெயின் போர்டில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகத்தானே இணைந்திருக்கின்றன, இங்கே இணைத்தால் என்ன என்று தோன்றும். டெஸ்டரில் மூன்று விளக்கும் சரியாகவே காட்டும்.

என்ன ஆபத்து? நியூட்ரல் கம்பி வழியே எங்காவது கழன்றுவிட்டது என்று வையுங்கள். கம்ப்யூட்டருக்குள் நுழைந்த கரண்ட் திரும்பிப் போக வழியின்றி நியூட்ரலில் வந்து நிற்கும். அந்த நியூட்ரல் உங்கள் கேபினட்டின் உலோகத் தகட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. நாம் தொடுவதற்கென்றே இருக்கும் தகடு!

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. கள்ள எர்த் போட்ட அதே கை, ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டுவிட்டால்? துண்டுக் கம்பி இப்போது எர்த்தை நேராக ஃபேஸோடு இணைத்துவிடும். கேபினட்டில் எந்நேரமும் முழு வோல்டேஜ். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். இந்த நிலையிலும் டெஸ்டரில் முதல் விளக்கு எரியும், இரண்டாவது எரியும், மூன்றாவது எரியாது. ஏனென்றால் அந்தக் கருவி பார்ப்பது இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை மட்டுமே. இரண்டும் 120 வோல்ட்டில் இருந்தாலும் வித்தியாசம் பூஜ்யம்தான். இரண்டும் பூஜ்யத்தில் இருந்தாலும் பூஜ்யம்தான். எது நிஜமான பூமி என்று அதற்குத் தெரியாது. பிரேக்கரும் விழாது. கரண்ட் ஓடினால்தான் பிரேக்கர் விழும். யாராவது தொடும் வரை ஓடுவதற்கு வழியில்லையே.

இதே காரணத்தால் இன்னொரு குறையும் உண்டு. எர்த் இல்லாத பாயிண்டில் ஃபேஸ், நியூட்ரல் மாறியிருந்தாலும் இந்த டெஸ்டரால் சொல்ல முடியாது. இதற்காக அவரிடம் தொடாமலே கரண்டைக் காட்டும் பேனா போன்ற கருவி இருந்தது. அமெரிக்க சாக்கெட்டில் சிறிய ஓட்டை ஃபேஸ், நீளமான ஓட்டை நியூட்ரல். பேனாவை நீள ஓட்டையில் காட்டியபோது கத்தினால் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். 18-ல் 3 அப்படி இருந்தன. பின்பக்க அறையில் ஜன்னலுக்குக் கீழே இருந்த பாயிண்டில் பேனாவை எர்த் ஓட்டையில் காட்டினார். அங்கேயும் கத்தியது.

நாற்பத்திரண்டு பக்கம்

மறுநாள் அறிக்கை வந்தது. 42 பக்கம், நூற்றுக்கும் மேல் போட்டோ. டெக்சாஸ் படிவத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே நான்கு கட்டங்கள் இருக்கும். பார்த்தேன், பார்க்கவில்லை, அது இங்கே இல்லை, குறை உள்ளது. நான்காவதுக்கு ‘டி’ என்ற எழுத்து.

எனக்கு இதில்தான் கொஞ்சம் மனக்குறை. எலெக்ட்ரிகல் பகுதியில் ஹால் சுவிட்சின் பிளாஸ்டிக் மூடி விரிசல் என்று ஒரு குறிப்பு. வாசல் விளக்கு ஆடுகிறது என்று ஒரு குறிப்பு. அடுத்த வரியில் பின்பக்க அறையில் எர்த் சந்தேகத்துக்குரியது என்று ஒரு குறிப்பு. மூன்றும் ஒரே எழுத்தளவில், ஒரே ‘டி’க்குக் கீழே! புரோகிராமை கம்பைல் செய்யும்போது இருநூறு வார்னிங் வந்தால் யாராவது படிப்பார்களா? அந்த இருநூறுக்குள் ஒன்று நிஜமான பிழையாக இருக்கும். வாங்குபவர் பலர் பக்கத்தை எண்ணிப் பயப்படுவார்கள், அல்லது எல்லாப் பழைய வீடும் இப்படித்தான் என்று மூடி வைப்பார்கள். இரண்டும் தவறு.

ஆனால் அவர் எழுதியிருந்த விதம் நன்றாக இருந்தது. முதலில் இடம், பிறகு கண்டது, அதனால் என்ன ஆகும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசை. பின்பக்க அறை பற்றி அவர் எழுதியதன் சாரம் இது: டெஸ்டர் சரியென்று காட்டுகிறது, போர்டில் எர்த் கம்பி இல்லை, இரண்டும் ஒத்துவரவில்லை, ஒரு பாயிண்டில் எர்த் பகுதியில் வோல்டேஜ் இருக்கும் அறிகுறி தெரிகிறது, லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கும் வரை இந்த அறையில் எதையும் சொருக வேண்டாம். கள்ள எர்த் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. சாக்கெட்டை அவர் கழற்றவில்லை, பார்க்காததை எழுதவும் இல்லை. ‘மேலும் பரிசோதிக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தை இன்ஸ்பெக்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மையும்கூட. இங்கே அந்த வாக்கியம்தான் அறிக்கையிலேயே முக்கியமான வாக்கியம்.

இரண்டு ஓட்டை பாயிண்டுகளைப் பற்றி எழுதும்போது, கட்டிய காலத்தில் இது அனுமதிக்கப்பட்டதுதான், இப்போதைய பாதுகாப்பு அளவுக்குக் குறைவு என்று பிரித்துச் சொல்லியிருந்தார். பழையது வேறு, தப்பாகச் செய்தது வேறு. எர்த் இல்லாத இரண்டு ஓட்டை உங்களிடம் உண்மை பேசுகிறது. என்னிடம் எர்த் இல்லை என்கிறது. மூன்று ஓட்டை வைத்த போலியைவிட அது எவ்வளவோ மேல்.

ஐந்தாம் நாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். நான்கு சாக்கெட்டையும் கழற்றினார். நான்கிலும் துண்டுக் கம்பி. ஜன்னலுக்குக் கீழே இருந்ததில் கூடவே ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தன. மெயின் போர்டின் எர்த்திலிருந்து ஒரு நீளக் கம்பி இழுத்து வந்து, அதற்கும் சாக்கெட்டின் எர்த் ஓட்டைக்கும் நடுவே மீட்டரை வைத்தார். 121 வோல்ட். என் மேஜைக்கு நான் அளவெடுத்து வைத்திருந்த இடம் அது. அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருவதாக இருந்தது. வீட்டுக்குள் அம்மா செருப்புப் போட மாட்டார்.

(இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் கருப்புக் கம்பி ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நம்மூரில் கருப்புதான் நியூட்ரல். அங்குள்ள வீடியோவைப் பார்த்து இங்கே கை வைத்துவிடாதீர்கள்.)

என்ன செய்தோம்

விற்பவர் விலையில் 3000 டாலர் குறைத்தார். வீடு முழுக்கச் சுவரை உடைத்துப் புது கேபிள் போட அது போதாது. விதித்தொகுப்பு இதற்கு ஒரு குறுக்கு வழி தருகிறது. எர்த் இல்லாத இடத்தில் மீண்டும் இரண்டு ஓட்டை சாக்கெட்டையே போடலாம். இல்லையென்றால் ஜி.எஃப்.சி.ஐ. என்ற பாதுகாப்பு சாக்கெட் போட்டு, ‘எர்த் இல்லை’ என்று அதன் மேல் ஆங்கிலத்தில் ஒட்டிவிடலாம். ஜி.எஃப்.சி.ஐ. என்பது போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி. சுமார் 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் அது ஓர் ஆளின் உடம்பு வழியே போகிறது என்று கொண்டு நொடியின் சிறு பகுதியில் துண்டித்துவிடும். பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல் 1961-ல் கண்டுபிடித்தது. வீட்டுக்கு வெளியே உள்ள பாயிண்டுகளுக்கு 1973-லும் குளியலறைக்கு 1975-லும் இதைக் கட்டாயமாக்கினார்கள். நம் வீடுகளில் மெயின் பெட்டியில் இருக்கும் ஆர்.சி.சி.பி. இதே தத்துவம்தான். அது 30 மில்லி ஆம்பியரில் விழும்.

இது வேலை செய்ய எர்த் கம்பி தேவையில்லை. ஆனால் இன்ஸ்பெக்டரின் டெஸ்டரில் இருக்கும் சோதனைப் பட்டனை அமுக்கினால் எர்த் இல்லாத ஜி.எஃப்.சி.ஐ. விழாது. அந்தப் பட்டன் ஃபேஸிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டுப் பார்க்கிறது. எர்த்தே இல்லையென்றால் எங்கே கசியும்? இதனால் நல்ல சாக்கெட்டைக் கெட்டது என்று எழுதிவிடும் அறிக்கைகளும் உண்டு. சாக்கெட்டிலேயே இருக்கும் டெஸ்ட் பட்டனைத்தான் அமுக்கிப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஜி.எஃப்.சி.ஐ. ஆளைக் காப்பாற்றும், கம்ப்யூட்டரைக் காப்பாற்றாது. மின்னல், வோல்டேஜ் ஏற்றம் வந்தால் ஸ்பைக் பஸ்டர் அந்த அதிகப்படியை எர்த்துக்கும் தள்ளிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் பாதி வேலைதான் செய்யும். அதனால் மற்ற அறைகளுக்கு ஜி.எஃப்.சி.ஐ. போட்டுவிட்டு, ஆபீஸ் அறைக்கு மட்டும் மெயின் போர்டிலிருந்து எர்த்தோடு புது கேபிள் இழுத்தோம்.

இது நம் வீட்டுக் கதையும்தான்

எலெக்ட்ரீஷியன் போன அன்று இரவு விழுப்புரத்துக்குப் போன் செய்தேன். 2009-ல், நான் எட்டாவது படிக்கும்போது, அப்பா ஓர் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். கேபினட்டின் பின்பக்கம் கை பட்டால் எறும்பு ஊறுவது போல, சுரண்டுவது போல இருக்கும். மாட்டிக் கொடுத்தவர், ‘கம்ப்யூட்டர்னா அப்படித்தான் சார் இருக்கும், பையனைச் செருப்பு போட்டுக்கிட்டு உட்காரச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு வருடம் அந்த நாற்காலிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது.

அப்படித்தான் இருக்கும் என்பது பொய். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறு கெபாசிட்டர்கள் கேபினட் தகட்டோடு இணைந்திருக்கும். இரைச்சலை வடிகட்டுவதற்காக வைப்பது. எர்த் இருந்தால் அந்தக் கசிவு சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகடு இரண்டுக்கும் நடுவில், பாதி வோல்டேஜில் தொங்கும். நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 115. கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரண்டுவதோடு நிற்கிறது. ஆனால் அந்தச் சுரண்டல் உங்கள் வீட்டில் எர்த் இல்லை என்பதற்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் எர்ரர் மெசேஜ். என்றாவது உள்ளே ஃபேஸ் கம்பி தகட்டில் உரசினால் அது சுரண்டலாக இருக்காது.

அப்பா இப்போது மறுபடியும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார், ஹாலில், அதே பாயிண்டில். ‘டேய், மூணு பின் சாக்கெட்தாண்டா’ என்றார். நம்பிக்கையான எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நம் சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். வலதுக்கும் இடதுக்கும் வைத்தால் பல்பு எரியும். வலதுக்கும் மேலே உள்ளதற்கும் வைத்தால் அதே வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் குழி காய்ந்திருக்கலாம். ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் இப்படி வைத்ததும் மெயின் விழுந்துவிடும். அது நல்ல செய்தி. இந்தச் சோதனையை நீங்களே செய்யாதீர்கள். செய்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ‘சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்திருக்கிறதா, கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள்.’ ஏனென்றால் சேர்த்திருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து எல்லோரையும் ஏமாற்றிவிடும்.

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க வீட்டில் எர்த் கம்பி மெயின் போர்டில் நியூட்ரலோடு இணைவதால் கோளாறு வந்தால் கரண்ட் செம்புக் கம்பி வழியே திரும்பி, பிரேக்கர் உடனே விழும். நம் வீடுகளில் பெரும்பாலும் வாசலில் உள்ள எர்த் குழி வழியே மண்ணுக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் அதன் தடை ஏறும். எம்.சி.பி. விழும் அளவுக்குக் கரண்ட் ஓடாது. ஆர்.சி.சி.பி. அவசியம் என்று சொல்வது இதனால்தான். குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதும் இதனால்தான்.

ஹால் பாயிண்டில் பல்பு எரியவில்லை. போர்டைக் கழற்றினால் பச்சைக் கம்பி சாக்கெட்டில் சேராமல் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். அதைச் சேர்த்து, ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டார்கள். எர்த் குழியின் மூடி எங்கே இருக்கிறது என்று தேடவே அரைநாள் ஆனதாம். அதன் மேல் அம்மா துளசி மாடம் வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பா கேபினட்டின் பின்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் காட்டினார். ‘அந்தச் சுரண்டல் இல்லப்பா இப்போ’ என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கேமராவைக் கீழே இறக்கிக் காலைக் காட்டினார்.